சீட்டுக்கட்டில் எது பெரிது, எது சிறிது?



தோட்டத்து வாழ்க்கையில் சீட்டுக்கட்டைக் காணாதவர்கள் நம்மில் மிகச் சிலரே. தீபாவளிக்கு மறுநாள் விருந்தினர் கூடியிருக்கும்போதும், துக்க வீட்டில் இரவு முழுவதும் விழித்திருக்க வேண்டியபோதும், மழையால் பால்வெட்டு நின்றுபோன காலை வேளையிலும் பாய் விரித்து நாலு பேர் உட்கார்ந்துவிடுவது வழக்கம். பேராக் மாநிலத்தின் ரப்பர்த் தோட்டங்கள் பல இன்று செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. சுங்கை சிப்புட், பத்து காஜா, தாப்பா வட்டாரங்களிலிருந்து ஈப்போவுக்கும் புந்தோங்குக்கும் குடிபெயர்ந்த குடும்பங்களோடு, பாயும் சீட்டும் கூடவே வந்து சேர்ந்தன.

சீட்டாட்டம் நல்லதா கெட்டதா என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைப்போம். இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி வேறு. ஆடுகிற இடத்தில் சண்டை வருகிறதே, அது ஏன் வருகிறது? கவனித்துப் பார்த்தால், பல சண்டைகள் ஒரு சொல்லின் பொருள் தெளிவாக இல்லாததால் வருகின்றன. ஒருவர் ராஜா, ஏஸ், இரண்டு என்று அடுக்கி, "இது வரிசை" என்கிறார். அடுத்தவர், "இது எப்படி வரிசையாகும்?" என்கிறார். இருவரும் தத்தம் ஊரில் கற்றுக்கொண்டதையே சொல்கிறார்கள். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நடுவில் ஐம்பது வெள்ளி கிடக்கும்போது அந்த நியாயம் யார் காதிலும் ஏறாது.

ஆகவே, போக்கர் என்று உலகெங்கும் ஆடப்படும் ஆட்டத்தின் 'கை'களை முதலில் வரையறுத்துக்கொள்வோம். கை என்றால் ஒருவர் வைத்திருக்கும் சீட்டுகளின் சேர்க்கை. ஒரு கட்டில் 52 சீட்டு. ஸ்பேட், ஆட்டின், டைமன், கிளாவர் என்று நான்கு இனம். ஒவ்வோர் இனத்திலும் இரண்டு முதல் பத்து வரை ஒன்பது சீட்டும், ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்ற நான்கும் சேர்ந்து பதின்மூன்று. போக்கரில் ஒரு கை என்பது ஐந்து சீட்டு. ஏழு சீட்டு கொடுத்து ஆடும் வகைகளிலும், அவற்றுள் சிறந்த ஐந்தை மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். ஆறாவது சீட்டுக்கு அங்கே பேச்சில்லை.

எல்லாவற்றிலும் தாழ்ந்தது எதுவும் சேராத வெறுங்கை. அதற்கு மேல் ஒரு ஜோடி, அதாவது ஒரே எண்ணுள்ள இரண்டு சீட்டு. அதற்கு மேல் இரண்டு ஜோடி. அதற்கு மேல் ஒரே எண்ணில் மூன்று. அதற்கு மேல் ஸ்ட்ரெய்ட் எனப்படும் வரிசை, அதாவது அடுத்தடுத்து வரும் ஐந்து எண்கள். இனம் எதுவாகவும் இருக்கலாம். அதற்கு மேல் பிளஷ், அதாவது ஐந்தும் ஒரே இனம். எண் எதுவாகவும் இருக்கலாம். அதற்கு மேல் புல் ஹவுஸ். ஒரே எண்ணில் மூன்றும் வேறோர் எண்ணில் ஒரு ஜோடியும் சேர்ந்தது. அதற்கு மேல் ஒரே எண்ணில் நான்கு. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரே இனத்தில் அமைந்த வரிசை. அதிலும் பத்து, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் என்று முடிவதை ராயல் பிளஷ் என்பார்கள்.

இனி, எங்கெங்கே குழப்பம் வருகிறது என்று பார்ப்போம்.

முதல் குழப்பம் ஏஸ் சீட்டைப் பற்றியது. போக்கர் வரிசையில் ஏஸ் உச்சியிலும் நிற்கலாம், அடியிலும் நிற்கலாம். நடுவில் நிற்கக் கூடாது. பத்து முதல் ஏஸ் வரை ஒரு வரிசை. ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பதும் ஒரு வரிசை. ஆனால் அங்கே ஏஸ் ஒன்றாகக் கருதப்படுவதால் அதுவே வரிசைகளில் மிகச் சிறியது. ராணி, ராஜா, ஏஸ், இரண்டு, மூன்று என்பது வரிசையே அன்று. வெறும் ஏஸ் உள்ள வெறுங்கை.

இரண்டாவது குழப்பம் நிறத்தைப் பற்றியது. ஆட்டினும் டைமனும் சிவப்புத்தான். ஆனால் மூன்று ஆட்டினும் இரண்டு டைமனும் சேர்ந்தால் பிளஷ் ஆகாது. ஐந்தும் ஒரே இனமாக வேண்டும். நான்கு ஒரே இனமாக இருந்து ஐந்தாவது மாறினாலும் அதற்குத் தனி மதிப்பு இல்லை.

மூன்றாவது குழப்பம் பெயரைப் பற்றியது. நான்கு ஏழு வைத்திருப்பவர், "என்னிடம் இரண்டு ஜோடி ஏழு இருக்கிறது" என்று சொன்னால் அது கணக்குக்குச் சரிபோலத் தோன்றலாம். போக்கரில் இரண்டு ஜோடி என்றால் இரண்டு வெவ்வேறு எண்களின் ஜோடி என்று பொருள். புல் ஹவுசுக்குள்ளும் ஒரு ஜோடி இருக்கிறது. ஆனாலும் அதை ஜோடி என்று சொல்வதில்லை. ஒரு கைக்கு ஒரே பெயர்தான். அது எட்டக்கூடிய மிக உயர்ந்த பெயர் எதுவோ, அதுதான். இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

நான்காவது, இருவருக்கும் ஒரே வகைக் கை வந்தால் என்ன செய்வது? இரண்டு ஜோடி எதிரெதிரே வந்தால் பெரிய ஜோடியை முதலில் ஒப்பிட வேண்டும். அது சமமானால் சின்ன ஜோடியை. அதுவும் சமமானால் மிச்சமுள்ள ஐந்தாவது சீட்டை. புல் ஹவுசில் மூன்றாக உள்ளதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மூன்று எட்டும் இரண்டு இரண்டும் வைத்திருப்பவர், மூன்று ஏழும் இரண்டு ஏஸும் வைத்திருப்பவரை வெல்வார். எல்லாமே சமமாக இருந்தால் நடுவிலுள்ளதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். ஸ்பேட் பெரிது, கிளாவர் சிறிது என்று இனத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்வது போக்கர் வழக்கம் அன்று.

இனத்துக்கு உயர்வு தாழ்வு சொல்லும் ஆட்டம் வேறு. ஈப்போவில் சீன அண்டை வீட்டார் ஆடும் 'பெரிய இரண்டு' என்னும் ஆட்டத்தில் டைமன் கீழே, அதன் மேல் கிளாவர், அதன் மேல் ஆட்டின், உச்சியில் ஸ்பேட். அங்கே மூன்றுதான் மிகச் சிறிய சீட்டு. இரண்டு மிகப் பெரியது. அவர்களே ஆடும் பதின்மூன்று சீட்டு ஆட்டத்திலோ, கையிலுள்ள பதின்மூன்றையும் மூன்று, ஐந்து, ஐந்து என்று பிரித்து அடுக்க வேண்டும். பின்னால் உள்ள ஐந்து நடுவில் உள்ள ஐந்துக்குக் குறையக் கூடாது. நடுவில் உள்ளது முன்னால் உள்ள மூன்றுக்குக் குறையக் கூடாது. பொதுவான வழக்கில், முன்னால் வைக்கும் மூன்று சீட்டில் ஜோடியும் ஒரே எண் மூன்றும்தான் செல்லும். வரிசையும் பிளஷும் அங்கே செல்லாது. ஓர் ஆட்டத்தில் பழகியவர் அந்தப் பழக்கத்தோடு இன்னோர் ஆட்டத்தில் வந்து உட்காரும்போதுதான் வாய்ச்சண்டை தொடங்குகிறது.

சரி, பிளஷ் வரிசையை வெல்லும் என்று யார் முடிவு செய்தார்கள்? இது ஒருவர் விருப்பப்படி எழுதிய சட்டம் போலத் தோன்றும். உண்மையில் இதற்கு அடியில் கணக்கு இருக்கிறது. எது அரிதாக வருமோ, அதுவே உயர்ந்தது.

52 சீட்டிலிருந்து ஐந்தை எடுக்க 2,598,960 வழிகள் உள்ளன. ஏறத்தாழ 26 இலட்சம். இதில் ஒரே எண் நான்கு எத்தனை வழியில் வரும்? எண்கள் பதின்மூன்று. நான்கையும் எடுத்த பிறகு மீதியுள்ள 48 சீட்டில் ஏதேனும் ஒன்று ஐந்தாவதாகச் சேரும். 13-ஐ 48-ஆல் பெருக்கினால் 624. பள்ளிப் பிள்ளைகளே இதைப் போட்டுப் பார்க்கலாம். இதே முறையில் கணக்கிட்டால் புல் ஹவுஸ் 3,744, பிளஷ் 5,108, வரிசை 10,200, ஒரே எண் மூன்று 54,912, இரண்டு ஜோடி 123,552, ஒரு ஜோடி 1,098,240. ராயல் பிளஷையும் சேர்த்து ஒரே இன வரிசை வெறும் 40. பிளஷ் வரும் வழிகள் வரிசை வரும் வழிகளில் ஏறத்தாழப் பாதி. ஆகவேதான் பிளஷ் உயர்ந்தது.

இப்போது சீட்டின் எண்ணிக்கையை மாற்றிப் பாருங்கள். நம்மவர்கள் மூன்று சீட்டு வைத்து ஆடும் ஆட்டம் ஒன்று உண்டு. வட இந்தியாவில் அதைத் தீன் பத்தி என்பார்கள். 52-லிருந்து மூன்று சீட்டு எடுக்க 22,100 வழிகள். அதில் வரிசை 720 வழியில் வரும். பிளஷ் 1,096 வழியில் வரும். இங்கே வரிசைதான் அரிது. ஆகவே மூன்று சீட்டில் வரிசை பிளஷை வெல்லும். ஐந்து சீட்டில் பிளஷ் வரிசையை வெல்லும். "எங்கள் ஊரில் வரிசைதான் பெரிது" என்று ஒருவர் சொன்னால் அவர் பிடிவாதம் பிடிக்கிறார் என்று எண்ணிவிடக் கூடாது. அவர் மூன்று சீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. மூன்று சீட்டில் ஒரே எண் மூன்றும் வருவது 52 வழி. ஒரே இன வரிசை 48 வழி. கணக்குப்படி வரிசையே சற்று அரிது. ஆயினும் தீன் பத்தியில் மூன்று ஏஸ், மூன்று ராஜா போன்ற கைகளுக்கே முதலிடம் கொடுத்துவிட்டார்கள். அங்கே கணக்கைப் பழக்கம் வென்றுவிட்டது. விதி என்பது கணக்காலும் வரும், பழக்கத்தாலும் வரும். எதனால் வந்தாலும், ஆட்டம் தொடங்கும் முன்னரே எல்லாரும் ஒப்புக்கொண்டதாக இருக்க வேண்டும் என்பதே முக்கியம்.

நம் வீடுகளில் அதிகம் ஆடப்படும் ரம்மிக்கும் இதே தெளிவு தேவை. பதின்மூன்று சீட்டு ரம்மியில் குறைந்தது இரண்டு வரிசை வேண்டும். அவற்றுள் ஒன்று ஜோக்கர் உதவியில்லாத வரிசையாக இருக்க வேண்டும். அதைத்தான் 'ஒரிஜினல்' என்கிறோம். ரம்மி வரிசைக்கு ஒரே இனம் கட்டாயம். போக்கர் வரிசைக்குக் கட்டாயம் இல்லை. ரம்மியில் ஒரே எண் மூன்று சேர்க்கும்போது மூன்றும் வெவ்வேறு இனமாக இருக்க வேண்டும். இரண்டு கட்டு கலந்து ஆடுவதால் இரண்டு ஆட்டின் ஏழு ஒருவர் கைக்கு வரலாம். அந்த இரண்டையும் ஒரே சேர்க்கையில் வைத்தால் செல்லாது.

ஒரு சீட்டாட்டத்தை எப்படி வரையறுக்கிறோம் என்பது பாயோடு முடிகிற காரியம் என்று எண்ணிவிடாதீர்கள். அது நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது. செகந்தராபாத் நகரத்துக் கிளப் ஒன்றில் ரம்மி ஆடியதைப் பற்றிய வழக்கில், 1967-இல் இந்திய உச்ச நீதிமன்றம் ஒரு வேறுபாட்டைச் சொன்னது. மூன்று சீட்டு ஆட்டம் முழுக்க அதிர்ஷ்டத்தைச் சார்ந்தது. ரம்மியிலோ எந்தச் சீட்டு விழுந்தது என்பதை நினைவில் வைக்கவும், எதை வைத்துக்கொள்வது எதைக் கழிப்பது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

பல ஆண்டுகள் கழித்து இதே ஆட்டம் கைப்பேசிக்குள் புகுந்தது. பணத்தை இழந்த பலர் உயிரை மாய்த்துக்கொண்டதைக் காரணம் காட்டித் தமிழ்நாடு அரசு 2022-இல் இணையச் சூதாட்டத்தைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட ஆட்டங்கள் என்று அந்தச் சட்டத்தின் அட்டவணையில் சேர்த்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டத்தைப் பொதுவாக ஏற்றுக்கொண்டபோதிலும், இவ்விரண்டும் திறமை ஆட்டங்கள் என்று கூறி அட்டவணையிலிருந்து அவற்றை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, திறமையா அதிர்ஷ்டமா என்ற கேள்வியையே ஓரம்கட்டிவிட்டு, பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்தது. ஒரே ரம்மிக்கு எத்தனை விளக்கம் பாருங்கள்! நம் மலேசியாவில் 1953-ஆம் ஆண்டின் பொதுச் சூதாட்ட விடுதிச் சட்டம் இருக்கிறது. ஒரு வீட்டையோ கடையையோ சூதாட்டக் கூடமாக நடத்துவதும், அங்கே போய்ச் சூதாடுவதும் அதன்படி குற்றம்.

சட்டத்தை விட்டு வீட்டுக் கணக்குக்கு வருவோம். திறமை உள்ளவர் ஜெயிப்பார் என்பது ஓரளவுக்கு மெய்தான். ஆனால் சீட்டு பணத்தைப் பெருக்குவதில்லை. ஒருவர் பையிலிருந்து இன்னொருவர் பைக்கு மாற்றுகிறது, அவ்வளவுதான். நால்வர் ஆளுக்கு 50 வெள்ளியோடு உட்கார்ந்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 200 வெள்ளி. இடம் கொடுத்தவர் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2 வெள்ளி எடுத்துக்கொள்கிறார். இரவு முழுவதும் அறுபது ஆட்டம் நடந்தால் அவருக்குப் போய்ச் சேருவது 120 வெள்ளி. நால்வருக்கும் சேர்த்து எஞ்சுவது 80. அவர்கள் எவ்வளவு கெட்டிக்காரர்களாக இருந்தாலும் அந்த 80-ஐத்தான் பங்கு போட்டுக்கொள்ள முடியும். கைப்பேசி ஆட்டத்திலும் இதே கணக்குத்தான். அங்கே பங்கு எடுப்பவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. ஆட்டம் விடிந்தாலும் முடிவதில்லை.

நல்ல கைக்காகக் காத்திருக்கும் மனத்துக்கும் கணக்கு ஒரு பதில் சொல்கிறது. நேரடியாகக் கொடுத்த ஐந்து சீட்டில் பாதிக்குச் சற்று அதிகமான தடவை வெறுங்கைதான் வரும். பிளஷ் ஏறத்தாழ 509 தடவைக்கு ஒரு முறை. புல் ஹவுஸ் 694 தடவைக்கு ஒரு முறை. ஒரே எண் நான்கு 4,165 தடவைக்கு ஒரு முறை. அதிலும், இவ்வளவு நேரம் வரவில்லையே, இனி வந்தே தீரும் என்று எண்ணுவதில் பொருளே இல்லை. கலைத்துப் போட்ட சீட்டுக்கு முந்திய ஆட்டம் நினைவிருப்பதில்லை. சம்பளப் பணத்தை இழந்தவர் விட்டதைப் பிடிக்கிறேன் என்று மேலும் ஆடுவது இந்த ஒரு தப்புக் கணக்கினால்தான். அதன் விலையை அரிசி டின்னும் பிள்ளையின் பள்ளிக் கட்டணமும் கொடுக்கின்றன.

சின்னத் தொகை என்ன செய்துவிடும் என்று கேட்போருக்கு நம் பேராக் மண்ணிலேயே பதில் இருக்கிறது. ஐம்பதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, தொழிலாளர் குடும்பங்கள் வேலையும் வீடும் இழந்தன. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்கள் மாதம் 10 வெள்ளி வீதம் கட்டி 100 வெள்ளிப் பங்கு சேர்த்தார்கள். அப்படிச் சேர்ந்த பணத்தைக் கொண்டு சங்கம் தோட்டங்களையே வாங்கியது. பாயின் நடுவில் வைக்கிற பத்து வெள்ளியும், கூட்டுறவில் வைத்த பத்து வெள்ளியும் ஒரே பத்து வெள்ளிதான். வைத்த இடம் வேறு.

அப்படியானால் வீட்டில் சீட்டே கூடாதா என்று சிலர் கேட்கலாம். காசுக்குப் பதில் புளியங்கொட்டையோ தீக்குச்சியோ வைத்து ஆடுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்து, 13-ஐ 48-ஆல் பெருக்கச் சொல்லுங்கள். ஆடுவதற்கு முன் ஐந்து கேள்விகளுக்கு எல்லாரும் கேட்கும்படி பதில் சொல்லிக்கொள்ளுங்கள். எத்தனை சீட்டு ஒரு கை? ஏஸ் எங்கே நிற்கலாம்? வரிசை பெரிதா, பிளஷ் பெரிதா? சமமாக வந்தால் எப்படித் தீர்ப்பது? ஜோக்கர் எதற்கெல்லாம் உதவும்? முடிந்தால் ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். சண்டை வந்தபின் எழுதும் விதியை எவரும் நம்பமாட்டார்கள். சீட்டுக் கலைக்கும் முன் எழுதிய விதிக்குத் தோற்றவரும் கட்டுப்படுவார்.

இது சீட்டுக்கு மட்டுமா? கூட்டுச் சீட்டுக் கட்டும்போதும், கடனுக்குக் கையெழுத்துப் போடும்போதும், வேலைக்கு ஒப்பந்தம் எழுதும்போதும், ஒவ்வொரு சொல்லுக்கும் என்ன பொருள் என்று முன்னதாகவே கேட்டுத் தெரிந்துகொள்வது நமக்கு நல்லது. கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.